ஒரே மொழி, ஒரே மதம்... அப்புறமும் சோமாலியா ஏன் உடைந்தது?

வைகைக்கரை | திங்கள், காலை 7:40

நண்பர்களுக்கு வணக்கம். ஆப்பிரிக்க வரலாறு பற்றி எதைப் புரட்டினாலும் சோமாலியா வருகிற இடத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கிறது: ஆப்பிரிக்காவிலேயே ஒரே மொழி, ஒரே மதம், ஒரே இனம் கொண்ட நாடு இதுதான் என்று. பக்கத்தைத் திருப்பினால் 1991, அரசு சரிகிறது, மொகதிஷு தெருக்களில் சண்டை. நடுவில் என்னதான் நடந்தது என்று தேடினால் "குலச் சண்டை" என்று முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு இது ஒட்டவில்லை. நூற்றுக்கணக்கான மொழிகள் பேசும் நைஜீரியா பியாஃப்ரா போரையும் தாண்டி ஒரே நாடாக நிற்கிறது. சோமாலியாவிலோ 1960 முதல் 1969 வரை தேர்தல், கட்சிகள், நாடாளுமன்றம் எல்லாம் இருந்தன. 1967இல் முதல் அதிபர் ஏடன் அப்துல்லே ஒஸ்மான் தோற்றதும் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனார். அந்தக் காலத்து ஆப்பிரிக்காவில் அது சாதாரண விஷயமில்லை.

என் கணிப்பு இது: தேசியம் நல்லபடியாகத்தான் தொடங்கியது, 1969இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தலைவர் சியாத் பாரே வந்து கெடுத்தார். வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள்.

நூலகப்பூனை | திங்கள், காலை 9:15

அந்த முதல் வாக்கியத்திலேயே கொஞ்சம் நிற்கலாம். "ஒரே மொழி, ஒரே இனம்" என்பதை யார், எப்போது, யாரிடம் சொன்னார்கள்?

1943 மே மாதம் மொகதிஷுவில் 13 இளைஞர்கள் கூடி ஒரு மன்றம் தொடங்கினார்கள். 1947இல் அதுவே சோமாலி இளைஞர் லீக் ஆனது. குலப்பெயரைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. அப்போது சோமாலிகள் வாழ்ந்த நிலம் ஐந்து துண்டாகக் கிடந்தது: பிரிட்டிஷ் சோமாலிலாந்து, இத்தாலிய சோமாலிலாந்து, பிரெஞ்சு சோமாலிலாந்து (இன்றைய ஜிபூட்டி), எத்தியோப்பியாவின் ஒகாடேன், கென்யாவின் வடக்கு எல்லை மாவட்டம். 1954இல் வரைந்த கொடியில் நட்சத்திரத்துக்கு ஐந்து முனை வைத்தது அதனால்தான். 1960இல் சேர்ந்தவை இரண்டு மட்டும். மிச்சம் மூன்று முனையும் மற்றவர் நாட்டுக்குள் இருந்தன. பிறக்கும்போதே அண்டை வீட்டாரோடு வழக்கு வைத்துக்கொண்டு பிறந்த நாடு.

அந்த வழக்கில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மழை பெய்ததும் ஒட்டகங்களை ஹௌட் புல்வெளிக்கு ஓட்டிப்போய், வறண்டதும் வடக்கே கிணறுகளுக்குத் திரும்புவது அந்த மக்களின் ஆண்டுச் சுற்று. அந்த ஹௌட்டை 1954இல் பிரிட்டன் எத்தியோப்பியாவிடம் ஒப்படைத்தது. 1962இல் கென்யாவின் வடக்கு மாவட்டத்தில் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுவர பிரிட்டனே ஓர் ஆணையம் அனுப்பியது. அங்குள்ள சோமாலிகள் சோமாலியாவோடு சேரவே விரும்புகிறார்கள் என்று ஆணையம் எழுதிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு மாவட்டம் கென்யாவிடமே போனது. மொகதிஷு லண்டனோடு தூதரக உறவை முறித்தது. அங்கே 1967 வரை நடந்த கிளர்ச்சிக்குக் கென்யா வைத்த பெயர் ஷிஃப்தா போர், அதாவது கொள்ளைக்காரர் போர்.

ஆக, "நாங்கள் எல்லோரும் ஒன்று" என்பது எல்லைக்கோட்டுக்கு எதிராக வைத்த வாதம். வழக்கில் நிற்பவர் தன் வீட்டுக்குள் இருக்கும் பிளவுகளை எடுத்து வைக்க மாட்டார். பிற்பாடு வந்தவர்கள் அந்த வாதத்தை மக்கள்தொகை விவரம் போல வாசித்துவிட்டார்கள்.

ஸ்கார்பரோ சிவா | திங்கள், மாலை 6:02

பூனை அண்ணா, எல்லாம் சரி. ஆனால் குலம் என்று ஒன்று இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ரொறன்ரோவில் டிக்சன் ரோட் பக்கம் இருக்கிற அடுக்குமாடிகளில் சோமாலிக் குடும்பங்கள் நிறைய. நான் வேலை செய்யும் கிடங்கிலும் ஒரு சோமாலி அண்ணர் இருக்கிறார். இடைவேளையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்தால் தகப்பன், பேரன், பூட்டன் என்று மூச்சு விடாமல் இருபது தலைமுறை சொல்லுவார். சின்ன வயதில் மனப்பாடம் செய்ததாம். புதிதாக ஒரு சோமாலிப் பெடியன் வேலைக்கு வந்தால் இரண்டு பேரும் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். எந்தப் பாட்டனில் வந்து ஒட்டுகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் கைகுலுக்கல்.

அதே ஆள் சோமாலியாவின் சுதந்திர தினம் ஜூலை 1 வந்தால் அந்த நட்சத்திரம் போட்ட நீலக்கொடியைக் காரில் கட்டிக்கொண்டு திரிவார். இரண்டும் ஒரே மனிசனுக்குள் இருக்கிறதே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

நூலகப்பூனை | திங்கள், இரவு 9:30

சிவா, குலம் இல்லை என்று சொல்லும் ஆய்வாளரை நான் இதுவரை வாசித்ததில்லை. குலம் எதைச் செய்கிறது என்பதில்தான் சண்டை.

அரசு எட்டிப் பார்க்காத மேய்ச்சல் நிலத்தில் அது காப்பீடு மாதிரி. ஒருவன் இன்னொருவனைக் கொன்றால் உயிரீடாக 100 ஒட்டகம் என்பது பழைய வழக்கம், பெண் என்றால் 50. ஒரு குடும்பத்தால் அவ்வளவு கொடுக்க முடியுமா? சேர்ந்து கொடுப்பதற்கும், வந்தால் பங்கிட்டுக்கொள்வதற்கும் உடன்பாடு செய்துகொண்ட சில நூறு பேர் கொண்ட குழுதான் நடைமுறையில் முக்கியம். தரோத், இசாக், ஹவியே என்று செய்தித்தாளில் வரும் பெரிய பெயர்கள் அந்த மட்டத்தில் அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை.

ஐ. எம். லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மானுடவியலாளர் 1955 முதல் 1957 வரை பிரிட்டிஷ் சோமாலிலாந்தில் தங்கி இதை எல்லாம் எழுதினார். 1961இல் புத்தகம் வந்தது. தகப்பன் வழி மரம். சண்டை வந்தால் அண்ணன் தம்பி மோதிக்கொள்வார்கள், வெளியாள் வந்தால் சேர்ந்துகொள்வார்கள். அதற்கப்புறம் ஐம்பது ஆண்டு, சோமாலியா பற்றி யார் எழுதினாலும் முதல் அடிக்குறிப்பு லூயிஸ்தான்.

1992இல் அப்தி சமதார் என்ற சோமாலி ஆய்வாளர் இதை நேராக எதிர்த்தார். பழைய மேய்ச்சல் சமூகத்தில் உறவுமுறையோடு சேர்ந்து வழக்காறும் இஸ்லாமும் ஆளைக் கட்டுப்படுத்தின. காலனி ஆட்சி வந்து சிலரைத் தலைவர்கள் என்று பிடித்துச் சம்பளம் கொடுத்தது. கால்நடை ஏற்றுமதியில் பணம் புழங்கியது. அரசு வேலையும் வெளிநாட்டு உதவியும்தான் பெரிய வருமானம் என்றானபோது, அதைப் பிடிக்கப் போட்டியிட்டவர்கள் குலப்பெயரைக் கையில் எடுத்தார்கள். 1991இல் துப்பாக்கி தூக்கியது இந்தப் பிந்தைய சரக்கு. அதைத் தொன்மையான குணம் என்று எழுதினால் கொள்ளையடித்தவர்கள் தப்பித்துவிடுகிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு இது பெரும்பாலும் சரியாகப் படுகிறது.

பழுப்பேடு | செவ்வாய், காலை 6:50

லூயிஸை அடிப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். குலம் மேல்தட்டு ஆட்களின் கருவி என்றால், அந்தக் கருவி ஏன் அவ்வளவு எளிதாகக் கையில் ஒட்டியது?

சியாத் பாரே 1969 அக்டோபரில் வந்தார். அறிவியல் சோசலிசம் என்றார், எல்லோரும் ஒருவரையொருவர் "ஜாலே", அதாவது தோழர் என்று கூப்பிட வேண்டும் என்றார். 1971இல் குலவாதத்துக்குக் கொடும்பாவி செய்து ஊர் ஊராக எரித்தார்கள், புதைத்தார்கள். குலம் என்னவென்று கேட்பதே குற்றம். மக்கள் என்ன செய்தார்கள்? "உங்கள் எக்ஸ் என்ன?" என்று கேட்கத் தொடங்கினார்கள். முன்னாள் குலம் என்று அர்த்தம்! அதே நேரத்தில் அதிபர் தன் அப்பா குலமான மரேஹான், அம்மா வழியில் ஒகாடேன், மருமகன் வழியில் துல்பஹாந்தே என்று மூன்றையும் சுற்றி வைத்துக்கொண்டு ஆண்டார். மூன்றின் முதலெழுத்தையும் சேர்த்து 'எம்.ஓ.டி.' என்று ஊரே கிசுகிசுத்தது. லூயிஸ் இதை எல்லாம் அப்போதே எழுதினார். தேசியவாதிகள் கண்ணை மூடிக்கொண்டிருந்த காலத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் அவர்.

வைகைக்கரை | செவ்வாய், காலை 8:05

எக்ஸ் கதை பிரமாதம். ஆனால் 1972இல் சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்து கொடுத்ததும் அதே பாரேதானே? அதுவரை அலுவலகத்தில் ஆங்கிலம், இத்தாலியன், அரபு. மக்கள் பேசும் மொழிக்கு அரசு ஏற்ற எழுத்தே இல்லை. மதத்துக்காக அரபு எழுத்து, 1920 வாக்கில் ஒஸ்மான் யூசுப் கெனதித் உருவாக்கிய ஒஸ்மானியா எழுத்து, லத்தீன் என்று மூன்று கட்சி. பன்னிரண்டு ஆண்டு இழுத்த சண்டையை ஒரே உத்தரவில் முடித்தார். 1974இல் பள்ளிகளை மூடி, மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாடோடிகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க மேய்ச்சல் நிலத்துக்கே அனுப்பினார்கள். பட்டணத்துப் பையன் ஒட்டகக்காரரோடு நடந்து, கரும்பலகையை மரத்தில் மாட்டிப் பாடம் எடுத்தான். தேசியம் செய்த உருப்படியான காரியம் இது, இதையாவது ஒத்துக்கொள்ளலாம்.

செங்காந்தள் | செவ்வாய், மதியம் 1:20

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தச் சோமாலியை எழுதினார்கள் என்று பாருங்கள்.

ஜூபா, ஷெபெல்லே என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே பைடோவாவைச் சுற்றி மாய் பேசுகிறார்கள். வடக்கிலும் மத்தியிலும் பேசுவது மஹா திரி. கிளைமொழி என்று சொன்னாலும், பழக்கம் இல்லாத வடக்கத்தியருக்கு மாய் விளங்காது. 1972இல் எழுத்து, பாடநூல், வானொலி எல்லாம் மஹாவுக்குப் போனது. மாய் பேசும் பிள்ளை பள்ளிக்குப் போனால் தன் தாய்மொழி கொச்சை என்று கற்றுக்கொண்டு வரும். பிராவா என்ற கடற்கரை ஊரில் பேசும் சிமினி சுவாஹிலியின் உறவு, அது கணக்கிலேயே வரவில்லை. "ஒரே மொழி" இப்படித்தான் கிடைத்தது. 2012 தற்காலிக அரசியலமைப்பில்தான் அரசு மொழி சோமாலி என்று எழுதி, மாயும் மஹா திரியும் என்று இரண்டையும் சொன்னார்கள்.

மாய் பேசும் ரஹன்வெய்ன் மக்களின் கட்சி 1950களிலேயே கூட்டாட்சி கேட்டது. இளைஞர் லீக் அதைப் பிரிவினை என்றும் குலவாதம் என்றும் தள்ளிவைத்தது. தேசியம் நல்லபடியாகத் தொடங்கியது என்கிறீர்கள், வைகைக்கரை. யாருக்கு?

இன்னும் தெற்கே போகலாம். 19ஆம் நூற்றாண்டில் ஷெபெல்லே கரையில் தானியமும் பருத்தியும் விளைத்துக் கடல்வழி விற்றார்கள். வயலில் வேலை செய்தவர்கள் சான்சிபார் சந்தை வழியாக இன்றைய தான்சானியா, மொசாம்பிக் பக்கமிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். தப்பியவர்களும் விடுதலையானவர்களும் ஜூபா கரைக் காட்டுக்குள் ஊர் அமைத்தார்கள். இத்தாலியர் அடிமைமுறையை ஒழித்தோம் என்று சொல்லிவிட்டு, 1930களில் இதே ஆட்களைப் பிடித்து வாழைத் தோட்டத்திலும் கரும்புத் தோட்டத்திலும் கட்டாய வேலை வாங்கினார்கள். இந்த மக்களுக்கு அங்கே பெயர் "ஜரீர்", சுருட்டை முடிக்காரர். மற்றவர் "ஜிலே", மென்மையான முடி. பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். மொழி ஒன்றுதான், மதம் ஒன்றுதான், ஒரே கொடிக்குத்தான் வணக்கம் வைத்தார்கள்.

கேத்தரின் பெஸ்ட்மன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1987-88இல் ஜூபா நடுப்பகுதியில் பந்தா என்ற ஊரில் தங்கியிருந்தார். 1975இல் பாரே அரசு நிலச்சட்டம் கொண்டுவந்திருந்தது. நிலம் எல்லாம் அரசுடையது, பதிவு செய்து குத்தகை வாங்கிக்கொள்ள வேண்டும். சோசலிச நிலச்சீர்திருத்தம் மாதிரித்தான் காதில் விழும். பதிவு செய்யப் பட்டணம் போக வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், அதிகாரியைத் தெரிந்திருக்க வேண்டும். ஆற்றங்கரை உழவருக்கு இது மூன்றும் இல்லை. மொகதிஷுவில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் பெயரில் பாட்டன் காலத்து வயல் பதிவாகிவிடும். உழுகிறவருக்குத் தெரியவரும்போது ஆள் வேலி போட்டுக்கொண்டிருப்பார்.

1991-92 பஞ்சத்தில் பைடோவாவைச் சுற்றிச் செத்தவர்கள் பெரும்பாலும் இந்த உழவர்கள், ரஹன்வெய்னும் ஜரீரும். மழை பொய்த்தது மட்டும் காரணமில்லை. பாரேயின் தோற்ற படையும் துரத்திவந்த படையும் மாறி மாறி அவர்கள் தானியக் குழிகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு போயின. அவர்களிடம் துப்பாக்கி இல்லை. தொலைக்காட்சியில் அது "குலச் சண்டையால் பஞ்சம்" ஆகிவிட்டது. சண்டை போட்டவர் வேறு, செத்தவர் வேறு.

இப்போது லூயிஸுக்கு வருகிறேன். அவருக்கும் தேசியவாதிகளுக்கும் ஆகாது என்று நினைக்கிறோம். ஆனால் இருவருக்கும் அசல் சோமாலி ஒருவர்தான்: ஒட்டகம் மேய்க்கும் வடக்கத்திய ஆண். அவன் கவிதை பாடுகிறான், சுதந்திரப் பிரியன், யாருக்கும் தலைவணங்காதவன் என்று இவர்கள் புகழ்வார்கள். அவன் குல மரத்தில் தொங்குகிறவன் என்று அவர் வரைந்து காட்டுவார். மண்வெட்டி பிடித்த ஜரீர் இரண்டு படத்திலும் இல்லை. 1995இல் அலி ஜிமாலே அகமது தொகுத்து வந்த புத்தகத்துக்குத் தலைப்பே "சோமாலியாவைப் புனைந்தது" என்கிற மாதிரி. எழுதியவர்களில் பலரும் சோமாலிகள். அவர்கள் கிளப்பியது இந்தப் பிரச்சினையைத்தான்.

பழுப்பேடு | செவ்வாய், மதியம் 2:45

லூயிஸ் தெற்கு உழவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. பெஸ்ட்மனுக்கு 1998இல் அவர் காட்டமாகப் பதில் கொடுத்தார், அதையும் படியுங்கள். இனம், வர்க்கம் என்று அமெரிக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறீர்கள், சோமாலிகளே குலம் என்று சொல்லும்போது நீங்கள் யார் மாற்றிச் சொல்ல என்பது அவர் கட்சி.

செங்காந்தள் | செவ்வாய், மாலை 4:10

படித்தேன். "சோமாலிகளே சொல்கிறார்கள்" என்பதில் எந்தச் சோமாலி என்று மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறது. பந்தா ஊர்க்காரர்கள் சொன்னதைத்தானே பெஸ்ட்மனும் எழுதினார்? போரில் சிதறிய அந்த ஊர்க்காரர்கள் சிலர் கென்ய முகாம்களைத் தாண்டி அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற ஊரில் வந்து இறங்கினார்கள். பெஸ்ட்மன் பாடம் எடுக்கும் கல்லூரியும் அதே மாநிலத்தில். இருபது ஆண்டு கழித்து நேரில் சந்தித்தார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் "சோமாலி பாண்டு". அகதிப் பதிவேட்டுக்காகப் பரவிய பெயர். அதையும் அவர்கள் இப்போது தங்கள் சங்கப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

தெற்கைப் பற்றி லூயிஸ் எழுதினார், ஒத்துக்கொள்கிறேன். உலகம் எடுத்துக்கொண்டது வடக்குப் புத்தகத்தை. அது முழுக்க அவர் குற்றமில்லை.

ஸ்கார்பரோ சிவா | செவ்வாய், இரவு 8:20

அக்கா, ஒரு சந்தேகம். 4.5 என்று ஒரு கணக்கு சொல்லுகிறார்களே, அது என்ன? எங்கள் கிடங்கு அண்ணர் அந்தப் பேச்சை எடுத்தாலே கோபப்படுவார்.

செங்காந்தள் | செவ்வாய், இரவு 9:05

கோபம் வராமல் என்ன செய்யும், தம்பி. 2000இல் ஜிபூட்டியின் அர்தாவில் சமாதான மாநாடு நடந்தது. தரோத், ஹவியே, திர், ரஹன்வெய்ன் என்ற நான்குக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, மற்ற எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு என்று முடிவானது. பின்னால் 275 இடம் கொண்ட நாடாளுமன்றம் வந்தபோது நான்கு குலங்களுக்கும் 61 வீதம், மிச்சம் 31. ஜரீர், கடற்கரையின் பெனாதிரி வணிகர், தோல் வேலையும் கொல்லு வேலையும் செய்யும் தாழ்த்தப்பட்ட குடிகள் எல்லோரும் அந்த 31க்குள். தற்காலிக ஏற்பாடு என்றார்கள். இன்னும் போகவில்லை.

ரஹன்வெய்னுக்கு முழுப் பங்கு கிடைத்ததையும் சொல்ல வேண்டும். 1950களில் கேட்டது அரை நூற்றாண்டு கழித்து இந்த வடிவத்தில் கிடைத்தது. "எக்ஸ் என்ன?" என்று ரகசியமாகக் கேட்டதை இப்போது வேட்புமனுவிலேயே எழுத வேண்டும்.

இன்னொன்று, பெண்கள். தகப்பன் குலம் ஒன்று, கட்டிக்கொண்ட குலம் வேறு, பிள்ளைகள் புருஷன் குலம். பழைய நாளில் இரண்டு குலமும் மோதினால் சமாதானம் பேச இந்தப் பெண்தான் பாலம். 1991இல் அந்தப் பெண் இரண்டு பக்கமும் நம்பாதவள் ஆனாள். இடப்பங்கீட்டில் குலப் பெரியவர்கள் பெண்ணை நிறுத்தத் தயங்குவதும் இதனால்தான். அவள் ஜெயித்தால் அந்த இடம் யாருடையது என்று கணக்குப் போடுகிறார்கள்.

கப்பற்காரன் | புதன், காலை 5:30

வணக்கம். நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். பெர்பெரா துறைமுகத்துக்குப் போயிருக்கிறேன். ஹஜ்ஜுக்கு முந்தைய மாதங்களில் சவூதிக்கு ஆடு ஏற்றுவார்கள். முதுகில் சாயக்குறி போட்ட, கறுப்புத் தலை வெள்ளை உடம்பு ஆடுகள் மந்தை மந்தையாகப் பலகை ஏறும். அங்கே "சோமாலியா" என்று வாய்தவறிச் சொன்னால் உடனே திருத்துவார்கள். சோமாலிலாந்து! பழைய பிரிட்டிஷ் பகுதி, 1991இல் பிரிந்துபோனது. தனிக் கொடி, தனி நோட்டு, தனிக் கடவுச்சீட்டு.

அங்குள்ள ஏஜெண்ட் ஒருவர் ஹர்கெய்சாவுக்கு அழைத்துப் போனார். நகர நடுவில் ஒரு மிக் போர்விமானத்தை மேடையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், கீழே குண்டுவீச்சில் செத்தவர்களின் ஓவியம். 1988இல் கிளர்ச்சிப் படை நகரத்துக்குள் வந்ததும், பாரேயின் விமானங்கள் அதே ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்து எழும்பி அதே ஊர்மேல் குண்டு போட்டன. லட்சக்கணக்கானோர் எத்தியோப்பியாவுக்குள் நடந்தே போனார்கள். ஐந்து முனையையும் ஒன்றுசேர்க்கப் புறப்பட்ட அரசு, ஏற்கெனவே சேர்ந்திருந்த முனையைக் குண்டுவீசித் தள்ளியது. இதில் குல மரம் படித்து விளங்கிக்கொள்ள என்ன இருக்கிறது?

நூலகப்பூனை | புதன், காலை 8:45

கப்பற்காரரே, அருமை. கசப்பு 1988க்கு முன்னாலேயே ஊறியது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். வடக்கு 1960 ஜூன் 26 அன்று சுதந்திரம் பெற்று, ஐந்து நாள் தனி நாடாக இருந்து ஜூலை 1 அன்று தானாக வந்து சேர்ந்தது. தலைநகர் தெற்கே, அதிபரும் பிரதமரும் தெற்கத்தியர். 1961 அரசியலமைப்பு வாக்கெடுப்பை வடக்கில் பலர் புறக்கணித்தார்கள், போட்டவர்களிலும் பாதிக்கு மேல் வேண்டாம் என்றார்கள். அதே டிசம்பரில் வடக்கின் இளம் அதிகாரிகள் கலகம் செய்து தோற்றார்கள். வழக்கு வந்தபோது இரண்டு பகுதியையும் இணைத்த சட்டமே முறைப்படி செல்லாது என்ற அடிப்படையில் விடுதலையானார்கள்.

இப்ராஹிம் ஈகால் என்பவரைப் பாருங்கள். 1960இல் அந்த ஐந்து நாள் சோமாலிலாந்தை இணைப்புக்குக் கொண்டுபோனவர். 1967 முதல் 1969 வரை மொத்த சோமாலியாவுக்கும் பிரதமர். 1993 முதல் 2002இல் சாகும் வரை பிரிந்துபோன சோமாலிலாந்தின் அதிபர். குலம்தான் எல்லாம் என்றால் இந்த மனிதர் எப்படி இவ்வளவு தூரம் நகர்ந்தார்? தேசியம்தான் எல்லாம் என்றாலும் அதே கேள்விதான்.

திருநெல்வேலியான் | புதன், காலை 10:10

இதைப் படிக்கும்போது இலங்கைதான் ஞாபகம் வருகிறது. சோமாலிலாந்துக்கு ஒரு நியாயம், ஈழத்துக்கு ஒரு நியாயமா...

நெறியாளர் | புதன், காலை 10:32

ஒப்பீட்டுக்குத் தனி இழை திறந்துகொள்ளலாம். முந்தைய அனுபவத்தில் சொல்கிறேன், இங்கே தொடங்கினால் நாளைக் காலையில் சோமாலியா காணாமல் போயிருக்கும்.

பழுப்பேடு | புதன், பிற்பகல் 3:00

சரி, அங்கேயே நிற்கிறேன். செங்காந்தள் "எந்தச் சோமாலி" என்று கேட்டார். நானும் கேட்கிறேன். 2015இல் சோமாலிலாந்தின் பெயரில் ஆப்பிரிக்கா பற்றிய ஓர் ஆய்விதழ் வந்தது, ஆசிரியர் குழுவில் ஒரு சோமாலிகூட இல்லை. சஃபியா அய்தீத் என்ற வரலாற்றாய்வாளர் அதைச் சுட்டிக்காட்டினார். ஓர் ஐரோப்பிய ஆய்வாளர் பதில் சொல்ல வந்து, தரமான இளம் சோமாலி ஆய்வாளர்களைக் காணோம் என்கிற மாதிரி எழுதிவைத்தார். "அதான் ஸ்டடீஸ்" (Cadaan Studies), அதாவது வெள்ளையர் படிப்பு என்று ஹாஷ்டேக் போட்டுக் கிழித்துவிட்டார்கள். கிழித்தது நியாயம். ஆனால் உள்ளூர்க்காரர் எழுதினால் மட்டும் பாரபட்சம் இருக்காதா? 1991இல் மொகதிஷுவில் தரோத் மக்களைத் தேடித் தேடிக் கொன்றதை குலச் சுத்திகரிப்பு என்று வரலாற்றாய்வாளர் லீட்வீன் காப்டெய்ன்ஸ் 2013இல் புத்தகமாக எழுதினார். படித்தவர்கள் முதலில் பார்த்தது சான்றை இல்லை, யாருக்குச் சாதகம் என்பதை. வெள்ளைக்காரர் எழுதியதற்கே இந்தக் கதி என்றால்?

செங்காந்தள் | புதன், மாலை 5:25

பாரபட்சம் இருக்கும், ஏன் இருக்காது. லூயிஸுக்கு ஐம்பது ஆண்டு அது இல்லை என்று நினைத்தோமே, அதுதான் வித்தியாசம். சஃபியா கேட்டது பிறப்புச் சான்றிதழை இல்லை. மைதானத்தில் தகவல் சேகரிப்பவர், மொழிபெயர்ப்பவர், வழிகாட்டி எல்லாம் சோமாலி. கோட்பாடு எழுதுபவர், எது தகுதியான ஆய்வு என்று முடிவு செய்பவர் மட்டும் வேறு ஆள் என்ற ஏற்பாட்டைக் கேட்டார். அந்தக் கேள்வியை நான் சோமாலி ஆய்வாளர்களிடமும் கேட்பேன். ஜரீர் பின்னணியிலிருந்து எத்தனை பேர் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

வைகைக்கரை | புதன், இரவு 10:40

நிறையக் கிடைத்தது. ஒன்று மட்டும் பாக்கி. சையித் முகமது அப்துல்லா ஹசன். 1899 முதல் 1920 வரை தர்வீஷ் என்ற பெயர் கொண்ட தன் படையோடு பிரிட்டனை எதிர்த்தவர், கவிஞர். தலே கோட்டையை 1920இல் விமானத்திலிருந்து குண்டு போட்டுத்தான் பிடித்தார்கள். அவரையாவது எல்லோருக்கும் பொதுவான ஆள் என்று சொல்லலாமா?

நூலகப்பூனை | வியாழன், காலை 7:15

மொகதிஷுவில் குதிரைமேல் சிலை வைத்தார்கள், பாடநூலில் தேசத்தந்தை. கவிதையையே ஆயுதமாக்கியவர். வரிதோறும் ஒரே எழுத்தில் மோனை போட்டே தீர வேண்டும் என்பது சோமாலி யாப்பு. 1913இல் பிரிட்டிஷ் அதிகாரி கார்ஃபீல்ட் செத்தபோது அவர் பாடியதை இன்றும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆனால் அவர் படை வெட்டிச் சாய்த்தவர்களில் சோமாலிகளே அதிகம். அவரோடு சேராத குலங்களின் ஒட்டகமும் ஆளும் போயின. வடக்கின் பெரிய குலமான இசாக் குடும்பங்களில் அந்த நினைவு வேறு மாதிரி, ஹர்கெய்சாவில் அவரைத் தேசத்தந்தை என்று சொல்லிப் பாருங்கள்.

அவர் கோட்டை இருந்த தலே, சோமாலிலாந்தும், வடகிழக்கில் தன்னாட்சி நடத்தும் புன்ட்லாந்தும் உரிமை கொண்டாடும் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. அங்கே துல்பஹாந்தே மக்கள். 2023இல் பக்கத்து லாஸ் அனோட் நகரில் சோமாலிலாந்துப் படைக்கு எதிராக எழும்பி, மாதக்கணக்கில் சண்டை போட்டுத் துரத்தினார்கள். அவர்கள் தூக்கிப் பிடித்தது நீலக்கொடியை, சொல்லிக்கொண்டது தர்வீஷ் பரம்பரை என்று. சோமாலிலாந்து காட்டியது பழைய பிரிட்டிஷ் எல்லைக்கோட்டு வரைபடத்தை. எல்லைக்கோட்டுக்கு எதிராகப் பிறந்த கொடி ஒரு பக்கம், அதே கோட்டைக் காட்டி நாடு கேட்பவர் மறுபக்கம்.

கப்பற்காரன் | வியாழன், காலை 7:50

அந்தச் சண்டையில் ஊரைவிட்டு ஓடியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவர்களில் பலர் போனது எத்தியோப்பியாவின் தோலோ பகுதிக்கு. அதுவும் அந்த நட்சத்திரத்தின் ஒரு முனைக்குள்தான் வருகிறது. அங்கே அவர்களை வரவேற்றவர்களும் சோமாலிகள், பதிவு செய்தது அகதி என்று. லாஸ் அனோட் பற்றித் தெரிந்தவர்கள் தொடர்ந்து எழுதுங்கள்.